உப்பளமாடா இது?

காலைல வாலிநோக்கம் கரையில அப்பா வள்ளத்தைக் கவுத்துப்போட்டு அடிப்பக்கம் சுரண்டிக்கிட்டு இருந்தாரு, அப்பதான் கனடாவுல இருக்க சித்தப்பா மகன் அனுப்புன வீடியோ வந்துச்சு.

அவன் வீட்டு ஷெட்லயே ஏழு வருஷமா கட்டுன ரெண்டு சீட்டு விமானம். கீழ கண்ணுக்கெட்டுன வரைக்கும் உறைஞ்ச ஏரி.

போனை வாங்கிப் பாத்துட்டு அப்பா கேட்டாரு, "நம்ம உப்பளமாடா இது?"

நெசமாவே அப்படித்தான் இருந்துச்சு. அதே வெள்ளை, அதே பளபளப்பு.

மைனஸ் 18 டிகிரியாம். ராத்திரியே எஞ்சினுக்கு ஹீட்டர் போட்டு வச்சாத்தான் காலைல ஆயில் இளகுமாம். அப்புறம் ரெக்கை மேல படிஞ்ச உறைபனிய ஒரு பொட்டு விடாம துடைக்கிறான், வீடியோவுல பாதி அதுதான், உப்புத்தாள் மாதிரி லேசா சொரசொரன்னு இருந்தாலே போதும், காத்து வழுக்கிட்டு ஓடாம கலைஞ்சுபோயி ரெக்கையோட தூக்குற சக்தி குறைஞ்சிடும். சுத்தமா இருந்துட்டா, குளிர்காத்து அடர்த்தி ஜாஸ்திங்கிறதால, நம்மூரு வெயில்ல ஓடவேண்டிய தூரத்தவிட கம்மியா ஓடியே எழும்பிடும்.

அப்பாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கல.

"அடியில சிப்பி ஒட்டுனா வள்ளம் ஓடுமா? அதேதான்."

சொல்லிட்டு உள்ளங்கையால பலகைய ஒருதடவ தடவிப் பாத்தாரு. வீடியோவுல அவனும் கிளவுஸ கழட்டிட்டு அப்படியேதான் தடவுனான். தன் கையால கட்டுனத நம்பி ஏறுறவங்க எல்லாரும் இப்படித்தான் தொட்டுப் பாப்பாங்க போல, பனியோ கடலோ.

சாயங்காலம் அவன்கிட்ட பேசணுமாம். ரெக்கைக்கு என்ன பெயிண்ட் அடிச்சான்னு கேக்கணுமாம்.