49-ஆ, 75-ஆ? கடைசல் பட்டறைக் குறிப்புகள்

ஜூன் 3, 2025, செவ்வாய்

தோட்டத்துப் பம்பு ஒன்றின் ஷாஃப்ட் லேத்தில் ஓடிக்கொண்டிருக்க, வாட்சப்பில் இரண்டு படம் வந்தது. அனுப்பியது சுவிஸில் இருக்கும் மச்சான், மனுசியின் தம்பி. பச்சைத் துணி மேல் இரண்டு பிஸ்டல். கீழே ஒரு வரி: "அத்தான், இரும்பு தெரிஞ்ச ஆள் நீங்கள். உதில எதை எடுக்கிறது எண்டு சொல்லுங்கோ."

நான் துவக்கு சுட்டவன் இல்லை. ஆனால் இரும்பைக் காட்டிக் கேட்டால் சும்மா இருக்கவும் முடியாது. கையைத் துடைத்துவிட்டுப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். இரண்டும் சுவிஸ் இராணுவம் பாவித்துக் கழித்தவை. பழையதற்குப் பெயர் பிஸ்டல் 49, மற்றது பிஸ்டல் 75. அந்தந்த வருடம் படைக்கு எடுத்ததால் அந்த இலக்கம். இரண்டுக்கும் ஒரே 9 மில்லிமீற்றர் ரவை. செய்ததும் ஒரே இடம், நொய்ஹவுசனில் உள்ள ஸிக் கொம்பனி. எங்கட ஆட்கள் சுவிசுக்குப் போனால் கட்டாயம் போய் நின்று படம் எடுக்கிற ரைன் நீர்வீழ்ச்சி இருக்கிற அதே ஊர். கொம்பனி 1853இல் தொடங்கியது ரயில் பெட்டி செய்யவாம். இது எனக்குப் பிடித்துக்கொண்டது.

ஜூன் 4, புதன்

மனுசிக்கு இரவுதான் சொன்னேன். சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "துவக்குக்குப் பயந்து போனவனெல்லே அவன்? இப்ப காசு குடுத்து வாங்கப் போறானாமோ?" என்றா.

என்னிடம் பதில் இல்லை. 1995 ஒக்ரோபர் கடைசியில், யாழ்ப்பாணத்து இடப்பெயர்வில் ஊரே சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது, சின்னப் பெடியனாக இருந்த அவனைக் கையில் பிடித்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவ அவ. எங்கள் ஊரில் பிஸ்டல் என்றால், அது யாருடைய இடுப்பில் இருந்தது என்பதுதான் முதற் கேள்வி.

அவனிடமே கேளும் என்று போனைக் கொடுத்தேன். மச்சான் எடுக்கவில்லை. அந்த நேரம் அவன் ஹோட்டல் குசினியில் நிற்பான்.

ஜூன் 8, ஞாயிறு

வீடியோவில் வந்தான். முதலில் அக்காவும் தம்பியும் ஒரு பாட்டம். நான் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வெட்டிக்கொண்டு கேட்டிருந்தேன்.

அங்கே ஊருக்கு ஊர் சூட்டுக் கழகம் இருக்கிறது, எங்கள் ஊர்களில் விளையாட்டுக் கழகம் இருப்பதுபோல. ஒவ்வொரு வருடமும் மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் ஃபெல்ட்ஷீசன் என்று நாடு முழுக்க ஒரு சூட்டுத் திருவிழா. யாரும் போகலாம், ரவைக்குக் காசில்லை, அது அரசாங்கம் கொடுக்கிறது. கூட வேலை செய்கிற வெள்ளைக்காரப் பெடியன் ஒருவன் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். பிஸ்டலை 25 மீற்றரில் சுடக் கொடுத்தார்களாம். "மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க தலைக்குள்ள ஒண்டுமே ஓடேல்லை, அக்கா. குசினியில அப்பிடி ஒரு நிமிசம் கிடைக்காது," என்றான். மனுசி ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் சட்டத்துக்கு வந்தோம். நான் அறியாத சங்கதி இது. சுவிஸின் ஆயுத விதிகளில் சில நாட்டவர்கள் துவக்கு வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று பெயர் குறித்தே எழுதியிருக்கிறார்கள். துருக்கி, செர்பியா, அல்பேனியா என்று போகிற அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. எத்தனை வருடம் அங்கே இருந்தாலும் இலங்கைப் பாஸ்போட் என்றால், விசேட அனுமதி இல்லாமல் முடியாது. மச்சான் இப்போது சுவிஸ் குடிமகன், ஆகவே விண்ணப்பிக்கலாம். மாநிலப் பொலிஸ் குற்றப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வாங்கும் அனுமதி கொடுக்கும். ஆறு மாதத்துக்குள் வாங்கிவிட வேண்டும்.

"அப்ப இடுப்பில கட்டிக்கொண்டு திரியலாமோ?" என்று கேட்டா மனுசி.

"ஏலாது அக்கா. அதுக்கு வேற அனுமதி, லேசில தராங்கள். ரேஞ்சுக்குப் போக வர மட்டும்தான். ரவைக்கூடு வெறுமையா இருக்கவேணும், ரவை வேற பையில."

அதைக் கேட்ட பிறகு முகம் கொஞ்சம் இளகியது. இங்கே 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்னும் நடக்கிறது. பிஸ்டலை வைத்து விளையாட்டு என்று பக்கத்து வீட்டில் சொன்னால் கேற்றைப் பூட்டிவிடுவார்கள்.

ஜூன் 10, செவ்வாய், போசன் போயா

பட்டறை பூட்டு. சோளகக் காற்று முற்றத்து மணலை அள்ளிக்கொண்டு வருகிறது. வீட்டுக்குள் இருந்து 49ஐத்தான் பார்த்தேன். மச்சான் அக்கக்காகக் கழற்றிய வீடியோ ஒன்று அனுப்பியிருந்தான், கழகத்துக் கிழவர் ஒருவருடையதாம்.

இதன் மூலத் திட்டம் சார்ள்ஸ் பெற்றர் என்ற எஞ்சினியருடையது. சுவிஸில் பிறந்து பிரான்ஸில் வேலை செய்தவர். பிரெஞ்சுப் படைக்கு அவர் வரைந்ததை 1937இல் ஸிக் உரிமம் எடுத்து, உலக யுத்தம் முழுக்க உட்கார்ந்து திருத்தியிருக்கிறது. அதற்கு முன் அந்தப் படையிடம் இருந்தது லூகர் என்ற ஜெர்மன் பிஸ்டல். 1900இல் லூகரை உலகத்திலேயே முதலில் எடுத்த இராணுவம் சுவிஸ்தான். ஆகவே பழையதை விட மோசமாக ஒன்றைக் கொடுக்க முடியாத நிலை.

நான் வாயைப் பிளந்த இடம் ஸ்லைட், அதாவது வெடிக்கும்போது பின்னால் போய் வருகிற மேல்பாகம். அது ஓடுகிற அடிப்பாகம்தான் பிரேம். வழக்கமான பிஸ்டலில் ஸ்லைட் பிரேமை வெளியிலிருந்து கவ்விக்கொண்டு ஓடும். இதில் மறுவளம்: பிரேமின் இரண்டு கரையும் மேலெழுந்து ஸ்லைட்டை வெளியிலிருந்து பிடிக்கின்றன, அதுவும் பிரேமின் நீளத்துக்கு. பிடிக்கிற நீளம் கூடினால் ஆட்டம் குறையும். என் லேத்தில் வெட்டும் உளியைச் சுமந்து ஓடுகிற காரேஜ், பெட் என்ற அடித்தடத்தின் மேல் தேய்ந்து, கடைசல் கூம்பி வந்தபோது நான் பட்ட பாட்டை நினைத்தேன். இந்தப் பள்ளங்களை உருக்கில் வெட்டி, ஒவ்வொரு ஸ்லைட்டையும் அதனதன் பிரேமோடு பொருத்தி, இலக்கம் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். ஸ்லைட் ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் போய் அதே இடத்துக்குத் திரும்பி வரும். வேறென்ன வேண்டும் குறி பார்க்கிறவனுக்கு?

ரவையை வெடிக்க வைக்கிற சுத்தியலான ஹாமரும் அதன் ஸ்பிரிங்கும் ஒரு சின்னக் கூடாக ஒன்றாகக் கழன்று வருகின்றன. கிழவர் அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஓரங்களில் அரம் பட்ட அடையாளம் தெரிந்தது. யாரோ ஒரு மனிசன் மேசையில் இருந்து கையால் பார்த்த வேலை.

குறை இல்லாமல் இல்லை. ஸ்லைட் பிரேமுக்குள் அமிழ்ந்து கிடப்பதால் இழுக்கப் பிடிமானம் குறைவு. ரவைக்கூட்டில் எட்டு ரவைதான்.

ஜூன் 13, வெள்ளி

75ஐப் பார்த்தபோது முதலில் சப்பென்றிருந்தது. 49 செய்யக் காசு கூட, நேரம் கூட. அதனால் எழுபதுகளில் வேறு வழி பிடித்தார்கள். ஸ்லைட் தடித்த உருக்குத் தகட்டை மடித்துச் செய்தது. உள்ளே அடைப்புத் துண்டை வைத்து ரோல் பின் என்ற சுருட்டிய தகட்டு ஆணி அடித்து இறுக்கியிருக்கிறார்கள். பிரேம் அலுமினியக் கலவை. வெளியில் இதையே ஸிக் பி220 என்பார்கள். ஜப்பானிலும் உரிமம் எடுத்து அந்த நாட்டுப் படைக்கு இதைச் செய்தார்கள்.

இரவு திரும்பப் பார்த்தேன். மட்டமான வேலை என்று சொல்ல மனம் வரவில்லை. வெடிக்கும் கணத்தில் குழலை ஸ்லைட்டோடு பூட்டுவதற்குத் தனிப் பற்கள் இல்லை. குழலின் பின்பக்கத்தைச் சதுரக் கட்டியாக விட்டு, வெற்றுக் கோது வெளியேறும் வாசலிலேயே அதைக் கொழுவ வைத்திருக்கிறார்கள். ஒரு பள்ளம் வெட்டுகிற வேலை மிச்சம். இப்படி யோசிக்கிறவனுக்குத்தான் நான் கூலி கொடுப்பேன்.

விரலால் இழுக்கிற விசைதான் பேச்சு. 49இல் ஹாமர் எப்போதும் பின்னுக்கு நின்றால்தான் வெடி, எல்லா வெடிக்கும் ஒரே இழுவை. 75இல் முதல் வெடிக்கு விசையே ஹாமரைத் தூக்கவேண்டும். நீளமான, பாரமான இழுவை. அடுத்ததிலிருந்து இலேசு. இடப்பக்கத்து நெம்பை அமத்தினால் ஹாமர் வெடிக்காமல் இறங்கும். படைக்கு அது வசதி. கடதாசியைச் சுடுகிறவனுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஜூன் 21, சனி

இன்று கழகத்தில் இரண்டையும் சுட்டிருக்கிறான். இலக்குத் தாளைப் படம் பிடித்து அனுப்பினான். காதில் போட்டிருக்கிற பச்சை மூடியை அங்கே எல்லோரும் பாமிர் என்கிறார்களாம். அதோடு நின்ற படத்தை அக்காவுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறான். அவ அதைப் பார்த்துச் சிரித்தா.

49இன் ஓட்டைகள் எல்லாம் கறுப்பு வட்டத்துக்குள். முழு உருக்கு, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பாரம் உதைப்பைக் குடித்துவிடுகிறது என்றான். 75இல் முதலாவது ஓட்டை இடக்கைப் பக்கம் கீழே, வட்டத்துக்கு வெளியே. மற்றவை உள்ளே, கொஞ்சம் பரந்து. அடுத்த தாளில் கிழவரின் சொற்படி முதல் வெடிக்கும் ஹாமரைப் பெருவிரலால் இழுத்து வைத்துவிட்டுச் சுட்டானாம். அந்தத் தாளில் வெளியே போனது ஒன்றும் இல்லை.

பிறகு கையைக் காட்டினான். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதையில் இரத்தம் கன்றிய இரண்டு கோடு. 49இன் ஹாமர் பின்னால் வரும்போது கடித்தது. அவன் கை சட்டி பிடித்துத் தடித்த கை. சின்னக் கைக்காரருக்கு இந்தப் பிரச்சினை இல்லையாம்.

"ஹாமர் நுனியில ரெண்டு மில்லிமீற்றர் எடுத்தால் சரி. நான் எண்டால் பத்து நிமிச வேலை," என்றேன்.

அதை அவன் ஜெர்மனில் கிழவருக்குச் சொல்ல, கிழவர் கையிலிருந்த கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்ததைத் திரையில் பார்த்தேன். இலக்கம் பொருந்திய படைத் துவக்கில் அரம் வைத்தால் விலை பாதியாகிவிடும் என்று ஒரு பிரசங்கம். குறி பார்க்கும் முள்ளைக்கூட மாற்றாமல் வைத்திருக்கிறார்களாம், சேகரிப்பவர்களுக்காக.

சரி, எனக்கு அதோடு முடிவு வந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

குரல் பதிவாக அனுப்பினேன். கடைக்காரன் 49க்குக் கேட்கிற காசு 75ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல். வேலைத்தரத்தைப் பார்த்தால் அதுவும் கூட இல்லை, நான் செய்தால் அதைவிடக் கேட்பேன். நல்ல குறிக்கு 49தான், அதில் பேச்சில்லை. ஆனால் அதை வாங்கினால் அவன் சுடமாட்டான், துடைப்பான். கையைக் கடித்தாலும் தொடக்கூடாது, முள்ளை மாற்றக்கூடாது, ஒரு கீறல் விழுந்தால் நித்திரை வராது. 75க்கு அந்தக் கவலை இல்லை. பிடியை மாற்றலாம், ஸ்பிரிங் மாற்றலாம், உதிரிப்பாகம் கிடைக்கிறது. மிஞ்சும் காசு ரவைக்கு. "தொடக்கூடாத இரும்பை உமக்கு ஏன் ஐசே?" என்று முடித்தேன்.

மனுசி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மிஞ்சின காசில ரிக்கெற் போட்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வரச் சொல்லுங்கோ," என்றா. அதையும் சேர்த்து அனுப்பினேன்.

ஜூன் 27, வெள்ளி

கடைக்குப் போக முன் பார்க்கவேண்டியதைக் கேட்டான். நான் சொன்னவை: குழல் வாயின் விளிம்பில் நெளிவு, கீறல் இருக்கிறதா என்று லைட் அடித்துப் பார். குழலுக்குள் சுருள் வரிகள் கூர்மையாக நிற்க வேண்டும். அலுமினியப் பிரேமின் தடத்தில் கறுப்புப் பூச்சு போய் வெள்ளை தெரிவது வழமை. பள்ளம் விழுந்திருந்தால் வேண்டாம். ரோல் பின் இரண்டு பக்கமும் மட்டமாக இருக்கிறதா? வெற்றுத் துவக்கில் ஹாமரை இழுத்து நிறுத்திவிட்டுப் பின்னாலிருந்து பெருவிரலால் தள்ளிப் பார், விழுந்தால் திருப்பிக் கொடு.

ஜூலை 12, சனி

அனுமதிக் கடிதம் வந்து, இன்று வாங்கிவிட்டான். 75. இலக்கத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு 'பி' அடித்திருக்கிறது, படையிலிருந்து தனியாள் கைக்கு மாறியதன் அடையாளம். பிடியின் வலப்பக்கம் வழுவழுவென்று தேய்ந்து கிடக்கிறது. குழல் கண்ணாடி மாதிரி. பழைய ஆள் கட்டிக்கொண்டு திரிந்ததோடு சரி, சுட்டது குறைவு போல.

ஸ்லைட்டை முன்னுக்குத் தள்ளுகிற ஸ்பிரிங்கைக் கழற்றிப் படம் அனுப்பச் சொன்னேன். ஒற்றைக் கம்பி இல்லை, மெல்லிய கம்பிகளை முறுக்கிச் சுற்றியது. ஒரு முனையில் ஓர் இழை விட்டு நிற்கிறது. புதுசு கடையிலேயே இருக்குதாம், பெரிய விலை இல்லை. அதைப் போடாமல் நாளைக்கு ரேஞ்சுக்குக் கொண்டு போகவேண்டாம் என்று எழுதிவிட்டேன்.