ஒன்பது பற்கள்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில், தேயிலைத் தோட்டக் கணக்கப்பிள்ளையாக இருந்த மாமாவின் தகரப் பெட்டியில் இன்று பழைய செக்ரோல் (தொழிலாளர் வேலை, சம்பளப் பதிவு) தாள் ஒன்றைப் பார்த்தேன்.

எண், பெயர், விழுந்த பேர் (வேலை செய்ததாகப் பதிந்த நாட்கள்), பிடித்த கடன். ஒரு பெயர் மட்டும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. ஏன் என்று எழுதவில்லை.

பி. ஜெலி கிளார்க்கின் சிறுகதை ஞாபகம் வந்தது. 2018க்கான நெபுலா விருது பெற்ற மாற்று வரலாற்றுக் கதை.

அந்தக் கதைக்கு அடிப்படை, ஜார்ஜ் வாஷிங்டனின் 1784 கணக்கேட்டில் இருக்கும் ஒரு வரி: கறுப்பினத்தவரின் 9 பற்களுக்குப் பணம் கொடுத்ததாக.

யாருடைய பற்கள்? பெயரே இல்லை.

கிளார்க் மந்திரம் நிறைந்த இன்னொரு அமெரிக்காவைப் படைத்து, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு மனிதரைத் தருகிறார். ஒரு முழு வாழ்க்கையைத் தருகிறார். வாசித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மலையகத் தமிழரான நம் ஆட்களுக்கும் இப்படி ஒரு கதை வேண்டும். 1948இல் பிரஜாவுரிமை பறிபோகாத மலையகம், நம் ஆட்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமே இல்லாத 1964.

யாராவது எழுதுங்களேன். வாசிக்க நான் காத்திருக்கிறேன்.