தானே புயல் காலத்து மெஷினில் கம்பைல்

கடலூர் சிப்காட் பக்கம் ஏதாவது கன்ட்ரோல் ரூம் மூலையில் சென்ட்ஓஎஸ் 6 என்ற பழைய லினக்ஸ் மெஷின் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். தானே புயல் அடித்த 2011-ல் வந்தது. 2020 நவம்பரோடு அப்டேட் நின்றது. அதில் புது சாஃப்ட்வேரை கம்பைல் செய்ய 'மேக்' கமாண்ட் கொடுத்தால், சிஸ்/ரேண்டம்.எச் என்ற ஹெடர் ஃபைல் இல்லை என்று நிற்கும். இல்லையென்றால் ஓ_டிஎம்பிஃபைல் (பெயரில்லாத தற்காலிக ஃபைல் திறக்கும் ஃப்ளாக்) யாரென்றே தெரியாது என்னும்.

உடனே கை போவது பென் டிரைவுக்கு. புது உபுண்டுவிலிருந்து ஹெடரைக் கொண்டுவந்து போட்டால் கம்பைல் தாண்டலாம், லைப்ரரியோடு இணைக்கும் லிங்க்கில் மாட்டும். ஹெடரில் இருப்பது பெயர் மட்டும்தான். பலகையில் பரோட்டா என்று எழுதிவிட்டால் கல்லில் பரோட்டா வெந்துவிடுமா? அந்த ஹெடர் சொல்லும், ரேண்டம் எண் தரும் கெட்ரேண்டம் ஃபங்ஷன், லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.25-ல், 2017-ல் வந்தது. இந்த மெஷினில் இருப்பது 2.12. கெர்னலும் 3.17 வேண்டும், இருப்பது 2.6.32.

முதலில் ஹெடர்கள் இருக்கும் இன்க்ளூட் ஃபோல்டர் முழுக்க, எரரில் வந்த பெயரை கிரெப் கமாண்டால் தேட வேண்டும். கிடைத்தால், அது இல்லாமல் இல்லை, மறைந்திருக்கிறது. பெரும்பாலும் கம்பைலருக்கு சி99 ஸ்டாண்டர்ட் கொடுத்ததுதான் காரணம்; ஸ்டாண்டர்டில் இல்லாத பெயர்களை அது மறைத்துவிடும். ஜிஎன்யு99 என்று மாற்றினால் பாதி எரர் போய்விடும். மறைந்த பெயர்களைத் திறக்கும் _ஜிஎன்யு_சோர்ஸ் டிஃபைனை முதல் இன்க்ளூடுக்கு மேலே வைக்க வேண்டும். எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் ஃபீச்சர்ஸ்.எச் ஒரே தடவைதான் படிக்கப்படும். அதற்குப் பிறகு வைத்தால் வீண். நேரமில்லாவிட்டால் மேக்ஃபைலில் கம்பைலர் ஆப்ஷன்கள் இருக்கும் சிஃப்ளாக்ஸில் சேர்த்துவிடுவதே நிம்மதி.

பெயர் நிஜமாகவே இல்லையென்றால் இஃப்என்டெஃப் ('ஏற்கெனவே இல்லாவிட்டால்') போட்டு மதிப்பை நாமே எழுதலாம், ஆனால் பழைய கெர்னல் என்ன பதில் சொல்லும் என்று பார்த்துவிட்டு. 64 பிட் இன்டெல்லில் கெட்ரேண்டம் சிஸ்கால் (கெர்னலை நேரடியாகக் கூப்பிடுவது) எண் 318, 32 பிட்டில் 355. பழைய கெர்னல் இனோசிஸ் (38), அதாவது 'அப்படி ஒரு கால் இல்லை' என்ற எரர் தரும்; அங்கே பதிலுக்கு ரேண்டம் எண் தரும் /டெவ்/யுரேண்டம் ஃபைலைப் படிக்கும் வழி இருக்க வேண்டும். ஓ_டிஎம்பிஃபைல் இன்னும் குசும்பு. அதற்குள் 'டைரக்டரியாக இருக்க வேண்டும்' என்னும் ஓ_டைரக்டரி ஃப்ளாக்கும் அடக்கம் என்பதால், தெரியாத கெர்னல் "இது டைரக்டரி" என்று எரர் தரும். ஃபோல்டர் பர்மிஷனைக் குடைந்து பயனில்லை. எம்கேஎஸ்டெம்ப்பால் தற்காலிக ஃபைல் உருவாக்கி, உடனே அன்லிங்க்கால் அதன் பெயரை நீக்கினால் போதும்.

டெவ்டூல்செட் என்ற டூல் தொகுப்பைப் போட்டால் ஜிசிசி கம்பைலர் புதிதாகும், ஜிலிப்சி அதேதான். புது மெஷினில் பில்ட் செய்து இங்கே காப்பி அடித்தாலும் 'ஜிலிப்சி 2.25 காணோம்' என்று வந்து நிற்கும். பழையதில் கட்டியது புதியதில் பெரும்பாலும் ஓடும். அதனால்தான் பழையதிலேயே கட்ட இத்தனை பாடு.

இவ்வளவும் திருத்திவிட்டு பழைய பில்ட் ஃபைல்களைத் துடைக்கும் 'மேக் டிஸ்ட்கிளீன்' செய்யாமல் விட்டால், முன்பு கண்டறிந்ததை எழுதிவைத்த பழைய கான்ஃபிக்.எச் அப்படியே கிடக்கும். அதே எரர் திரும்ப வரும்.