பெரியவர் சொன்ன பெயரும் என் ஷார்ட் கேஸும்

எம்.எஸ். (அறுவை சிகிச்சை மேற்படிப்பு) தேர்வுக்கு முந்தைய மாதம் முழுக்கப் பள்ளத்தூர் வீட்டு வளவில்தான் படித்தேன். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, நடுவெயிலிலும் குளிர்ந்திருக்கும். அப்பச்சியை எதிரே உட்கார வைத்து கேஸ் ஒப்பிப்பேன். அதிகம் ஒப்பித்தது குடலிறக்கம்தான். அதனால், தேர்வின் ஷார்ட் கேஸில், அதாவது கொஞ்ச நேரத்தில் ஒரு நோயாளியைச் சோதித்து நோயைச் சொல்லும் பகுதியில், கவட்டை வீக்கத்தோடு ஒரு பெரியவரைப் பார்த்ததும் மனசு நிம்மதியாகிவிட்டது.

"என்னய்யா செய்யுது?"

"குடல் இறங்கியிருக்கு தம்பி, ரெண்டு வருசமா. வலி கிலி ஒண்ணுமில்ல."

நிற்க வைத்து இருமச் சொன்னேன், கையில் முட்டவில்லை. படுக்க வைத்து அழுத்தினேன், உள்ளே போகவில்லை. தொட்டால் கெட்டியாக, மேடுபள்ளமாக இருந்தது. இவ்வளவும் பார்த்துவிட்டு, "உள்ளே தள்ள முடியாத குடலிறக்கம்" என்றேன்.

"இருமினா முட்டல, படுத்தா போகல. பிறகு எதை வச்சு குடலிறக்கம்கிறீங்க டாக்டர்?" என்றார் எக்ஸாமினர்.

பெரியவர் சொன்ன பெயரை வைத்துத்தான். வேறு பதில் என்னிடம் இல்லை.

நம் ஊர்ப்பக்கம் கவட்டையில் எது வீங்கினாலும் நெறி, ஓதம், குடலிறக்கம் என்று ஏதோ ஒரு பெயரோடுதான் வருவார்கள். தேர்வுக்குப் போகிறவர்களே, அந்தப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்; கை சொல்வதை மட்டும் நம்புங்கள். இரண்டு சோதனையும் பொய்த்தால் முதலில் "கவட்டைக் கட்டி" என்று சொல்லுங்கள். பிறகு நெறிக்கட்டு, ஸ்பெர்மாட்டிக் கார்டில் (விரைக்குப் போகும் நாளங்களின் கொத்தில்) வரும் லைப்போமா என்ற சாதாரணக் கொழுப்புக்கட்டி, நீர்க்கட்டி என்று வரிசையாகப் போகலாம். வயது 50 தாண்டியிருந்தால் லைப்போசார்கோமாவை (கொழுப்பில் வரும் சார்கோமா வகைப் புற்றுநோய்) விடவே கூடாது. அரிதுதான், ஆனால் கொழுப்பாலான கட்டி என்பதால் அல்ட்ராசவுண்டில் வயிற்றுக் கொழுப்பு இறங்கியது போலவே ஏமாற்றும். எம்.ஆர்.ஐ. கேளுங்கள். வயிற்றுக்கு சி.டி.யும் கேளுங்கள், வயிற்றின் பின்பகுதியில் முளைத்த கட்டிகூட அந்த வழியாக இறங்கி வரலாம். சிறுவர்களென்றால் ராப்டோமயோசார்கோமா என்ற தசைப் புற்றுநோய், பெண்களுக்கு மாதவிலக்கின்போது வலித்து வீங்கினால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சவ்வு போன்ற திசு வேறிடத்தில் வளர்வது).

லைப்போசார்கோமாவுக்குச் சிகிச்சையைக் கேட்டால், விதைப்பை வழியாக அல்ல, கவட்டை வழியாகத் திறந்து, விரையையும் கார்டையும் சுற்றுத் திசுவோடு ஒன்றாக எடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். மிச்சம் வைத்தால் பல வருடம் கழித்தும் அதே இடத்தில் திரும்ப வரும்.

நான் திணறிய கடைசிக் கேள்வி: "குடலிறக்கம்னு திறந்த பிறகு சந்தேகம் வந்தா?" இப்போது கேட்டால் சொல்வேன்: துண்டு துண்டாகப் பிய்க்க மாட்டேன், குடலிறக்கத்துக்கு வைக்கும் வலையையும் வைக்க மாட்டேன். விரையை எடுக்க நோயாளி சம்மதம் தந்திருக்கவில்லை என்றால் மூடிவிட்டு, ஸ்கேன் எடுத்து, சார்கோமா பார்க்கும் குழுவிடம் காட்டிய பிறகே மறுபடி கத்தியை எடுப்பேன்.