புறாத்தீவில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபோது

என் அப்பா திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் கரைவலை இழுத்தவர். எங்கள் வளவுக்கு வெளியே வந்து நின்றால் புறாத்தீவு தெரியும். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான். ஆனாலும் ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் நான் அங்கே போனதில்லை. சின்ன வயதில் கடல் என்றால் அப்பா வேலைக்குப் போகிற இடம். பொம்பிளைப் பிள்ளைகள் காலை நனைப்பதோடு சரி. பிறகு சண்டைக் காலம், கடலில் இறங்கவே பாஸ் கேட்ட வருடங்கள். அப்புறம் 2004 டிசம்பர் 26. அப்பாவின் வலையும் தோணியும் அன்றைக்குப் போயின. அதன்பின் வெகுகாலம் நான் கடலைப் பார்த்து உட்காரவே இல்லை.

போன ஆவணியில் அண்ணா குடும்பம் கனடாவிலிருந்து வந்தது. ஐந்து நாள் லீவு. அண்ணாவின் மகளுக்குப் பதினாறு வயது. "மாமி, நீங்க வந்தால்தான் நான் தீவுக்குப் போவேன்" என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள். மறுக்க முடியவில்லை.

இங்கே வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது காலத்தைத்தான். சித்திரையிலிருந்து புரட்டாசி வரைக்கும் எங்கள் பக்கம் கடல் அமைதி. கொழும்புப் பக்கம் மழை கொட்டும்போது இங்கே வெயில் எரிக்கும், கச்சான் காற்று அனலாக வீசும். ஐப்பசி பிறந்து வாடை தொடங்கினால் கடல் குமுறும், படகுக்காரர்களும் எடுக்க மாட்டார்கள். அமைதியான காலத்திலும் காலை வேளைதான் நல்லது. நேரம் ஏற ஏறக் காற்று எழும்பும், தண்ணீர் கலங்கும், ஆட்களும் கூடிவிடுவார்கள். நாங்கள் இடியப்பத்தையும் சம்பலையும் கட்டி எடுத்துக்கொண்டு முதல் படகுகளில் ஒன்றிலேயே போனோம். கரையில் வனசீவராசிகள் திணைக்களத்தின் கவுண்டரில் டிக்கெட் எடுக்க வேண்டும். 2003இல் இது தேசியப் பூங்காவாகிவிட்டது.

தீவில் இறங்கியதும் கால் பட்டது மணலில் இல்லை. செத்து ஒதுங்கிய முருகைக்கல் (பவளப்பாறை) துண்டுகள், எலும்பு போல வெள்ளை வெளேரென்று. நடந்தால் கலகலவென்று சத்தம். அழகாக இருக்கிறது என்று ஒன்றைக்கூடப் பையில் போடாதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

மாஸ்கைப் போட்டு, குழாயை வாயில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். முகத்தை உள்ளே வைக்க மனம் வரவில்லை. மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமி, மூச்சை வாயால மெதுவா விடுங்க, நான் இருக்கிறேன்" என்றாள். வைத்தேன்.

முதலில் காதில் விழுந்தது என் மூச்சுத்தான். அடுத்தது ஒரு மெல்லிய கறுமுறு சத்தம். கிளிமீன்கள் முருகைக்கல்லைக் கொத்தித் தின்கிற சத்தம் அது. பச்சையும் நீலமுமாக, முழங்கை நீளத்துக்கு, என்னைக் கொஞ்சமும் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தன. தின்ற கல்லை அவை மணலாகக் கழிக்கின்றன. மான்கொம்பு போலக் கிளைத்த முருகைகளுக்கு நடுவில், மஞ்சளும் கறுப்புமாக வண்ணாத்திப்பூச்சி போன்ற மீன்கள் இரண்டு இரண்டாகப் போயின. அப்பாவின் வலை மடியில் செத்துக் குவிந்த மீனையே பார்த்து வளர்ந்தவள் நான். உயிரோடு, அதனதன் வீட்டில் பார்த்தது அன்றைக்குத்தான். மாஸ்குக்குள் கண்ணீர் வந்துவிட்டது. அப்பா நாற்பது வருடம் இதற்குப் பக்கத்திலேயே வலை இழுத்தார், ஆனால் இதைப் பார்க்காமலே போய்விட்டார்.

தீவின் மறுபக்கத்தில் செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் உண்டு. ஆளை விட்டு விலகிப் போகிற சாதி. மருமகள் மூன்றைப் பார்த்தாள். நான் ஒரு வாலை மட்டும் பார்த்தேன், அது எனக்குப் போதும்.

ஒரு விசயம் மனதை மிகவும் வருத்தியது. களைத்துப் போனவர்கள் முருகைக்கல்லின் மேல் ஏறி நிற்கிறார்கள். அது பாறை என்று நினைக்கிறார்கள். அது உயிர். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால், தனக்குள்ளே இருந்து சாப்பாடு கொடுக்கிற நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகிறது. அப்படி வெளுத்துக் கிடந்த இடங்களை அன்றைக்கே பார்த்தோம். தப்பிப் பிழைத்திருப்பதை நாம் மிதித்து முறிக்கலாமா? நீந்தத் தெரியாவிட்டால் லைஃப் ஜாக்கெட் போட்டு மிதந்தபடி பாருங்கள். வெயிலுக்குக் கிரீம் பூசுவதைவிட முழுக்கைச் சட்டை போட்டு இறங்குங்கள். காலை மட்டும் கீழே ஊன்றாதீர்கள்.

மற்ற நாட்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். விடியற்காலையில் கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போய், ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றிக் குளித்தோம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. அம்மாவின் அந்தியேட்டிச் சடங்கு நடந்த இடம் என்பதால் அண்ணா அங்கே அதிகம் பேசவில்லை. மத்தியானங்களில் எங்கேயும் போகவில்லை. சாப்பிட்டுவிட்டு வேப்பமர நிழலில் படுத்துக் கிடந்தோம். அந்த வெயிலில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலைவதை லீவு என்று நான் சொல்ல மாட்டேன். திமிங்கிலம் பார்க்கப் படகு எடுக்கலாம் என்றார்கள். மச்சாளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாததால் விட்டுவிட்டோம்.

பின்னேரம் கோணேசர் கோவில். பிரட்றிக் கோட்டை வாசலால் நுழைந்தால் புள்ளிமான்கள் ஆட்களோடு ஆட்களாக நிற்கும். வாழைப்பழத் தோலையும் பொலித்தீனையும் அவற்றுக்கு நீட்டாதீர்கள். சம்பந்தர் பாடிய பழைய கோவிலைப் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லை வைத்தே கோட்டையைக் கட்டினார்கள். இடித்ததில் ஒரு பகுதி கடலில் விழுந்தது. 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் கோவில் மலையடியில் முக்குளித்தபோது, செதுக்கிய கற்களும் தூண்களும் தண்ணீருக்குள் கிடப்பதைக் கண்டார்கள். எத்தனையோ தடவை கேட்ட கதைதான். ஆனால் இந்த முறை இராவணன் வெட்டு என்கிற மலைப்பிளவுக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்தபோது, மேலே தெரிகிற நீலத்தில் என் கண் நிற்கவில்லை. அடியில் தூண்களுக்கு நடுவே என்ன மீன் போகும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். மருமகளும் அதையேதான் கேட்டாள்.

அவர்கள் இரவு ரயிலில் கொழும்புக்குப் புறப்பட்ட நாள் காலையில், உப்புவெளிக் கரையில் கரைவலை இழுத்தார்கள். மருமகள் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள். நானும் பிடித்தேன். உள்ளங்கை சிவந்துவிட்டது. மடி கரைக்கு வந்ததும் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி எங்களுக்கும் இரண்டு கை நிறையச் சூடை மீன் அள்ளித் தந்தார். மத்தியானம் அதைப் பொரித்தோம், நண்டுச் சொதியும் வைத்தோம்.

போகும்போது அவள் தன் மாஸ்கை எனக்கென்று விட்டுப் போயிருக்கிறாள். நல்ல தண்ணீரில் கழுவி, துவாயில் சுற்றி, அலுமாரியில் வைத்திருக்கிறேன். சித்திரை வரட்டும்.