மூன்றாவது ஸ்க்ரப் செட்டில்தான் துணி அமைந்தது

நேற்று பன்னிரண்டாவது தடவையாகத் துவைத்துக் காய்ந்த, மகளுக்கு நான் தைத்த ஸ்க்ரப் (ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் போடும் டாப், பேண்ட்) பேண்ட்டை மேசையில் விரித்து டேப் வைத்துப் பார்த்தேன். 98 செ.மீ. தைத்து முடித்த அன்று 98.5 இருந்தது. அரை சென்டிமீட்டர்தான் குறைந்திருக்கிறது! உடனே போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "இதே துணியில இன்னும் மூணு செட் தச்சுடும்மா" என்று பதில் வந்தது. ஆறு மாதமாக இந்த ஒரு வரிக்காகத்தான் காத்திருந்தேன்.

மகள் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர். ரெடிமேட் ஸ்க்ரப் அவளுக்குத் தோளில் சரியாக இருந்தால் இடுப்பில் பிடிக்கும், குனிந்தால் கழுத்து இறங்கிவிடும். அதனால்தான் வீட்டிலேயே தைக்க ஆரம்பித்தேன். அளவும் கட்டிங்கும் முதல் செட்டிலேயே சரியாக வந்துவிட்டன. துணிதான் இரண்டு முறை ஏமாற்றியது.

முதல் செட் காட்டன் பாப்லின். "சுருங்கவே சுருங்காதுங்க, நான் கேரண்டி" என்று கடையில் அடித்துச் சொன்னார்கள். நானும் பச்சைத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, காயவைத்துத்தான் வெட்டினேன். ஆனால் அவள் துவைப்பது வாஷிங் மெஷினில், 60 டிகிரி சுடுதண்ணீரில். நாலாவது துவைப்பில் பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. காட்டன் ஒரே தண்ணீரில் சுருங்கி முடிப்பதில்லை. அதிலும் பச்சைத் தண்ணீரில் அடங்கியிருப்பது சுடுதண்ணீரில்தான் வெளியே வரும். 3 மீட்டர் துணியும் இரண்டு நாள் உழைப்பும் வீண். அந்தக் கடை மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இரண்டாவது செட் லிஸி பிஸி என்கிற செயற்கை இழைத் துணி. சுருக்கமும் இல்லை, இஸ்திரியும் வேண்டாம். ஆனால் மே மாதம் கேஷுவாலிட்டி நைட் டியூட்டி முடிந்து வந்தவள் முதுகைப் பார்த்தேன். துணி தோலோடு ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு அதை அவளிடம் நீட்ட மனசு வரவில்லை.

அதனால் மூன்றாவது செட்டுக்கு முன்னால் துண்டு துண்டாகச் சோதிப்பது என்று முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை காலையிலேயே ஈரோடு கனி மார்க்கெட் வாரச்சந்தைக்குப் போய், ஐந்து துணிகளில் அரை அரை மீட்டர் கேட்டேன். மொத்தக் கடைகளில் தானை (முழுத் துணிச் சுருளை) வெட்டித் தர மாட்டேன் என்றார்கள். கட் பீஸ் விற்கிறவர்களிடம்தான் கிடைத்தது.

முதல் வேலை, ஒவ்வொன்றிலும் கரையோரம் நாலு நூல் உருவி நெருப்பில் காட்டினேன். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் உதிரும். பாலியஸ்டர் கறுப்பாகப் புகைந்து உருகி, ஆறியதும் கடுகு மாதிரி கெட்டியாக நிற்கும். "நூறு பர்சென்ட் காட்டன்" என்று வாங்கியதில் ஒன்று கடுகு உருட்டியது.

அடுத்தது சதுரம் போடுவது. என் நேரம் முழுவதும் இதில்தான் போனது. ஒவ்வொரு துண்டிலும் 25 செ.மீ. சதுரம், நீளவாக்கு நூல் ஓடும் பாவுப் பக்கம் ஓர் அம்புக்குறி. முதலில் பேனாவால் போட்டேன், இரண்டு துவைப்பில் கோடு மறைந்துவிட்டது. பிறகு வெள்ளை பாலியஸ்டர் நூலால் ஓட்டுத்தையல் போட்டேன். தையலை இறுக்கிப் போட்டால் நூலே துணியை இழுத்துப் பொய்க்கணக்கு காட்டும். தளர்வாக, மூலைக்கு மூலை நூலை அறுத்து அறுத்துப் போட வேண்டும். ஐந்து முறை 60 டிகிரியில் துவைத்து, கடைசித் தடவை தண்ணீரில் ப்ளீச் கலந்தேன்.

25 செ.மீ. இருந்த சதுரம், காட்டன் பாப்லினில் பாவில் 24.1, குறுக்கு நூலான ஊடையில் 24.6 ஆனது. ஸ்ட்ரெட்ச் துணி அளவில் அதிகம் குறையவில்லை. ஆனால் ப்ளீச்சுக்குப் பிறகு இழுத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை, அதிலுள்ள ஸ்பான்டெக்ஸுக்குக் குளோரின் ஆகாது. ஜெயித்தது டிசி ட்வில், அதாவது பாலியஸ்டர் 65, காட்டன் 35 சதவீதம் கலந்த, சாய்வுக் கோடு தெரியும் நெசவு. இரண்டு பக்கமும் 24.8.

கனம் பார்க்க மெஷின் எதுவும் வேண்டாம். 50 செ.மீ. சதுரம் வெட்டி சமையலறைத் தராசில் வைத்து நாலால் பெருக்கினால் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) வந்துவிடும். இந்த ட்வில் 41 கிராம், அதாவது 164. அவள் பாக்கெட்டில் போன், டார்ச், முழங்காலைத் தட்டிப் பார்க்கும் சுத்தியல், நோட்டு எல்லாம் தொங்கும். 120க்குக் கீழே இருந்த துணியில் அந்தக் கனத்துக்குக் கழுத்தே ஒரு பக்கம் இழுத்தது. 200 தாண்டிய டிரில் என்கிற தடித்த துணி நம் ஊர் வெயிலுக்கு ஆகாது.

நிறம் பச்சைதான் வேண்டும் என்றாள். 1914இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர், ஆபரேஷன் தியேட்டரின் வெள்ளைக் கூச்சம் தாங்காமல் பச்சைக்கு மாறினாராம். சிவப்பையே உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளையைப் பார்த்தால் கண்ணில் பச்சை நிழல் மிதக்கும், பச்சைத் துணியில் அது தெரியாது. எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய பிரச்சினை பீட்டாடின் (காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து) கறை. வைட்டமின் சி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துத் தடவினால் அயோடின் நிறம் கண்ணெதிரே வெளுக்கிறது. ரத்தம் பட்டால் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். சுடுதண்ணீர் பட்டால் கறை உறைந்துவிடும்.

ட்வில்லுக்கு 14ஆம் நம்பர் ஊசி போட்டேன். அதைவிட மெல்லிய 11இல் பாக்கெட் மூலையில், நாலு மடிப்பு சேருகிற இடத்தில், தையல் விட்டு விட்டு விழுந்தது.

வெட்டி மிஞ்சிய துண்டுகளில் தியேட்டர் கேப் தைக்கலாம் என்று ஓர் ஆசை. ஒயின் கலரில் ஒரு செட்டுக்கும் மனசு போகிறது, ஆனால் அதை ப்ளீச்சில் போட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டேன். அதற்கு முன்னால் இந்தப் பச்சையிலேயே 58 இஞ்ச் பன்னாவில் (அகலத்தில்) 9 மீட்டர், அதே சாயத்தில், அதே தானிலிருந்து எடுத்தாக வேண்டும். அடுத்த லாட் வந்தால் டாப் ஒரு பச்சை, பேண்ட் ஒரு பச்சை ஆகிவிடும். கடைக்காரரிடம் போனில் சொல்லி வைத்திருக்கிறேன். செவ்வாய் வரை தானைப் பிரிக்க மாட்டேன் என்றிருக்கிறார்.