ஆய்வகத்தின் 30 கணினிகளுக்கு வலையமைப்பு வழியே டெபியன் நிறுவிய அனுபவம்

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் உள்ள 30 கணினிகளிலும் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவும் பொறுப்பு கடந்த விடுமுறையில் என்னிடம் வந்தது. மொழி, நேர மண்டலம், பயனர் பெயர் என்று அதே கேள்விகளுக்கு முப்பது முறை உட்கார்ந்து விடையளிக்க மனம் ஒப்பாததால், வலையமைப்பு வழியாகவே நிறுவுவது என்று முடிவு செய்தேன்.

இதற்கு வழக்கமான வழி, கணினியை வலையமைப்பு வழியே துவக்கும் பிஎக்ஸ்இ முறை. கணினியின் நெட்வொர்க் கார்டு வலையமைப்பில் முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி சர்வரிடம் ஐபி முகவரியைக் கேட்கும்போதே, துவக்கக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதையும் அறிந்து, அதை டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை மூலம் இறக்கிக்கொள்ளும். எங்கள் இடத்தில் அந்தச் சர்வர் வேறு பிரிவின் பொறுப்பில் இருந்தது. அதில் ஒரு வரியைக்கூட மாற்ற எனக்கு அனுமதி இல்லை. டிஎஃப்டிபியின் வேகத்திலும் எனக்கு நம்பிக்கை இல்லை. இயல்பான அமைப்பில் அது 512 பைட் துண்டு ஒன்றை அனுப்பி, வந்துசேர்ந்தது என்ற பதில் கிடைத்த பிறகே அடுத்த துண்டை அனுப்பும்.

ஆகவே பிஎக்ஸ்இயின் மேம்பட்ட திறந்தமூல வடிவமான ஐபிஎக்ஸ்இயின் மூலநிரலை இறக்கி, எனக்கு வேண்டிய கட்டளைகளை அதற்குள்ளேயே பொதிந்து தொகுத்தேன். கட்டளைகள் நான்கே: இருக்கிற டிஎச்சிபி சர்வரிடம் முகவரி பெறு, ஆய்வகத்தின் பழைய கணினி ஒன்றில் நான் அமைத்த சர்வரிலிருந்து எச்டிடிபி வழியாகக் கெர்னலை (இயங்குதளத்தின் கரு) எடு, இனிட்ஆர்டியை (துவக்கத்தின்போது நினைவகத்தில் ஏற்றப்படும் தற்காலிகக் கோப்பு முறைமை) எடு, துவங்கு. தொகுத்த கோப்பைப் பென்டிரைவில், கணினியைத் துவக்கும் உள்ளமை மென்பொருளான யூஇஎஃப்ஐ எதிர்பார்க்கும் கோப்புறையில், எதிர்பார்க்கும் பெயரிலேயே வைத்தேன். நானே தொகுத்த கோப்பில் ஏற்கத்தக்க கையொப்பம் இராது என்பதால், ஒவ்வொரு கணினியிலும் கையொப்பமில்லாத கோப்புகளைத் துவக்கவிடாத செக்யூர் பூட்டை நிறுத்த வேண்டியிருந்தது.

முதல் முயற்சியில் கெர்னல் இறங்கியது, இனிட்ஆர்டியும் இறங்கியது. உடனே மூலக் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்ற செய்தியுடன் திரை உறைந்தது. சர்வரின் பதிவில் இரண்டு கோப்புகளும் முழுமையாகப் போயிருந்ததால், அரை நாள் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன். கெர்னலுக்குத் தரும் அளவுருக்களிலும் இனிட்ஆர்டி கோப்பின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பதுதான் விடுபட்டிருந்தது. யூஇஎஃப்ஐக்கு முந்தைய பயாஸ் முறையில் தேவைப்படாத இந்தக் குறிப்பு, யூஇஎஃப்ஐ முறையில் நான் கையாண்ட பழைய ஐபிஎக்ஸ்இ பதிப்புக்கு இன்றியமையாதது.

நிறுவியின் கேள்விகளுக்கெல்லாம் ப்ரீசீட் கோப்பில் முன்கூட்டியே விடை எழுதி, அதன் முகவரியையும் அதே கெர்னல் அளவுரு வரியில் சேர்த்தேன். எந்த வட்டில் நிறுவ வேண்டும் என்பதற்கு, பழக்கத்தால், எஸ்டிஏ (லினக்ஸ் முதல் சாட்டா அல்லது யூஎஸ்பி வட்டுக்குத் தரும் பெயர்) என்று எழுதிவிட்டேன். சாட்டா வட்டு உள்ள கணினியில் சோதித்தபோது எல்லாம் சரியாக நடந்தது. என்விஎம்இ என்ற புதிய வகை வட்டு உள்ள கணினியில் நிறுவல் வழக்கத்தைவிடப் பல மடங்கு நேரம் எடுத்தது. ஆனாலும் பிழை ஏதுமின்றி முடிந்தது. பென்டிரைவைப் பிடுங்கினேன், கையில் சுட்டது. கணினியை மறுபடி துவக்கினால் பழைய விண்டோஸே வந்து நின்றது. என்விஎம்இ வட்டுக்கு வேறு பெயர் இருப்பதால், எஸ்டிஏ என்ற பெயர் பென்டிரைவுக்குப் போயிருந்தது. டெபியன் முழுவதும் அதற்குள் நிறுவப்பட்டு, என் துவக்கக் கோப்பு அழிந்திருந்தது.

இந்தத் தவறு எனக்கு நல்ல வழியொன்றையும் காட்டியது. கெர்னலும் இனிட்ஆர்டியும் நினைவகத்துக்கு வந்துவிட்டால் பென்டிரைவுக்கு வேலையே இல்லை. அப்போதே அதைப் பிடுங்கி அடுத்த கணினியில் செருகலாம். ப்ரீசீட் கோப்பிலும் வட்டின் பெயரை நேரடியாக எழுதாமல், கணினியில் இருக்கும் முதல் வட்டைக் கண்டறிந்து எடுத்துக்கொள்ளும் கட்டளையைச் சேர்த்தேன். பென்டிரைவ் வெளியே வந்துவிட்ட பிறகு, எங்கள் கணினிகளில் இருக்கும் வட்டு ஒன்றுதான்.

மென்பொருள் தொகுப்புகளுக்காக முப்பது கணினிகளும் இணையத்தை நாடாதபடி, அதே சர்வரில் இறக்கிய தொகுப்புகளைச் சேமித்து வைத்துத் தரும் ஆப்ட்-கேச்சர்-என்ஜியை அமைத்தேன். முதல் கணினி இறக்கியதை மற்றவை உள்ளிருந்தே எடுத்துக்கொண்டன. எல்லாக் கணினிகளும் ஒரே பெயரில் வந்துவிடக்கூடாது என்று, ஐபிஎக்ஸ்இ அறிந்து வைத்திருக்கும், கணினிக்குக் கணினி மாறுபடும் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியையே பெயரின் பகுதியாகக் கெர்னல் வரியில் அனுப்பினேன். ஒரே பென்டிரைவுடன் வரிசையாக நடந்து, இரண்டாம் நாள் மாலை முப்பதாவது கணினியிலிருந்து அதைப் பிடுங்கினேன்.